கொடைக்குப் போய்வந்த பிள்ளை ராத்திரி தூங்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், அப்புறம் ஊர் ஊராகக் கொடை என்னும் கோயில் திருவிழா, சாரல் விழுந்தால் குற்றாலம். திருநெல்வேலிச் சீமையில் கைப்பிள்ளை இருக்கும் வீடும் இதற்கெல்லாம் போகும், போகத்தான் வேண்டும். சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். சுடலைமாடன் கோயிலில் சாமக்கொடை முடிய நடுச்சாமம் தாண்டிவிடும். வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் முழங்க, ஆச்சி மடி, சித்தி தோள், மாமா கை என்று மாறி மாறிக் கண்ணயர்ந்த பிள்ளை, பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்ததும் ராத்திரி 11 மணிக்குக் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு சிரிக்கும். அதன் உடம்பு இன்னும் கொடை நேரத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு, ராத்திரியைச் சரிசெய்ய ராத்திரியிலேயே மல்லுக்கட்டுவது. சரிசெய்ய வேண்டியது காலையை. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் உடம்பு பகல் எது, இரவு எது என்று கணக்கு வைக்கிறது. லேட்டாகத் தூங்கியது, பாவம் என்று 9 மணி வரை விட்டால் அன்றைய ராத்திரியும் தள்ளிப்போகும். வழக்கமாக எழும் நேரத்திலேயே, மிஞ்சினால் அரை மணி கழித்து, எழுப்பி வாசலுக்குத் தூக்கி வாருங்கள். இளவெயில் பரவிய தெரு, பால்காரர் மணி, கோலத்தில் கொத்தும் குருவி எல்லாம் பார்க்கட்டும். ராத்திரி பாலுக்கு எழுந்தால் பெரிய லைட் வேண்டாம், கொஞ்சல் வேண்டாம், செல்போன் வெளிச்சம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பலரும் நல்லது என்று நம்பிச் செய்வது. “ஏட்டி, பகல்ல ஒறங்க விடாத, ராத்திரி நல்லா ஒறங்கும்” என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்வார். பெரியவர்களுக்கு ஒருவேளை பொருந்தலாம். பிள்ளைக்கு நேர்மாறு. அளவு மீறிக் களைத்த பிள்ளையின் உடம்பு முறுக்கேறிக்கொள்ளும். தூங்கவும் முடியாமல், முழித்திருக்கவும் முடியாமல் வீறிட்டு அழும். 4 முதல் 11 மாதப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1 முதல் 2 வயது வரை 11 முதல் 14 மணி நேரம். ஆறு மாதப் பிள்ளை பெரும்பாலும் ஒரு மூச்சில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் முழித்திருக்கத் தாங்கும். கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது, நாம் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரையே வெறிப்பது, இதெல்லாம் தூக்கம் வந்துவிட்டதற்கான அடையாளம். அழும்வரை காத்திருக்காமல் அப்போதே படுக்கப் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள சிசுவுக்குப் பகல், இரவு என்ற கணக்கே இன்னும் உருவாகியிருக்காது. பால் கொடுங்கள், தூங்க விடுங்கள், அவ்வளவுதான்.

தொட்டில் விஷயத்துக்கு வருவோம். ஆச்சி வீட்டு உத்திரத்தில் சேலைத்தொட்டில் கட்டி ஆட்டியிருப்பார்கள். இங்கே ஃப்ளாட்டில் கொக்கி கூட இருக்காது. வந்த அன்றே மெத்தையில் போட்டுவிட்டு, அழட்டும், பழகட்டும் என்று விடுவது கொடுமை. ஆனால் அதற்காக வாரக்கணக்கில் தோளிலேயே தூங்க வைத்தாலும் பிள்ளை அதையே பழகிக்கொள்ளும். முதல் ஓரிரு நாள் மடியில் வைத்திருந்து, பிறகு கண் செருகும் நேரத்தில் கீழே கிடத்தித் தட்டிக்கொடுங்கள். வெந்நீரில் துடைத்துவிடுவது, பால், விளக்கணைப்பது, ஆச்சி பாடிய அதே ராராட்டு என்று தினமும் ஒரே வரிசை இருக்கட்டும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு வயது வரை தலையணையோ தளர்ந்த துணியோ பக்கத்தில் வேண்டாம். அலுப்பில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது ஆபத்து. வீட்டில் இன்னொருவரை எழுப்பிக் கொடுத்துவிடுங்கள்.

துபாயிலிருந்து வந்து போகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேர வித்தியாசமும் சேரும். ஊரில் 6 மணிக்கு எழுந்த பிள்ளை அங்கே போனதும் 4.30-க்கே எழுந்துவிடும். விடியும்வரை அறையை இருட்டாகவே வைத்து, தூங்கப் போடும் நேரத்தை தினம் 15, 20 நிமிடம் தள்ளிக்கொண்டு போங்கள். சிங்கப்பூர் திரும்புகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

தூங்க வைப்பதற்காகச் சளி மருந்தை ஒரு மூடி ஊற்றுவது மன்னிக்க முடியாத தவறு. தூக்கம் வரவழைக்கும் அந்த மருந்து பச்சைப்பிள்ளையின் மூச்சையே பாதிக்கலாம். வசம்பை உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய கிருமி, சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

எல்லாவற்றையும் பயண அலுப்பு என்றோ கண்ணேறு என்றோ ஒதுக்கிவிடவும் கூடாது. திருஷ்டி சுற்றிப் போடுங்கள், கூடவே தெர்மாமீட்டரையும் வையுங்கள். கூட்டத்தில் ஒட்டிக்கொண்ட சளி காதுவலியாக மாறினால், தூக்கி வைத்திருக்கும்போது சும்மா இருக்கும் பிள்ளை படுக்கப் போட்டதும் அலறும். பால் குடிப்பது குறைந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.