டிராக் காருக்கு இரண்டு உயரத்தில் அலைன்மெண்ட்

சாதாரணக் காருக்கு நிற்கும் உயரத்தில் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்தால் போதும். நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் (drag) பந்தயக் காருக்குப் போதாது. கிளட்சை விட்டதும் எடை பின்னால் சாய்ந்து மூக்கு தூக்கும், முன் ஸ்பிரிங் நீளும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வு மாறும். தரையில் நேராக இருந்த சக்கரங்கள் அப்போது வெளியே விரிந்தால் வண்டி அலையும். காண்டெஸா, பத்மினி போன்ற பின்சக்கர ஓட்ட வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்கள் மூக்கைத் தூக்கியும் ஒருமுறை அளந்தே தீர வேண்டும்.

கருவிக்கு அலைய வேண்டாம். காரைக்குடிக் கொத்தனாரிடம் உள்ள தூக்குக்குண்டு, டியூப் மட்டம், நூல் மூன்றும் போதும். செம்மண் முற்றத்தில் டயர் அழுந்தும். சிமெண்டுத் தளமே சரி. நான்கு டயரும் நிற்கும் இடங்களுக்குள் 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் தகடு வைத்துச் சமன் செய்யுங்கள். முன் டயர் ஒவ்வொன்றின் அடியிலும், சக்கரம் தடையின்றி நகர, நடுவே கிரீஸ் தடவிய இரண்டு இரும்புத் தகடு. பின் டயருக்கும் அதே கனம். வழவழப்பாக இருக்கிறதே என்று ஆத்தங்குடிக் கல்லை வைக்காதீர்கள். அது சிமெண்டுக் கல், அடியில் தாங்கல் சமமாக இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

முதலில் பால் ஜாயிண்ட், புஷ், வீல் பேரிங் மூன்றிலும் ஆட்டம் பாருங்கள். ஆட்டம் இருக்கும்போது எடுக்கும் அளவு எதுவும் நிற்காது. காற்றைப் பந்தய அளவுக்கு வையுங்கள். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டை.

அடுத்து காஸ்டர்: பக்கவாட்டில் பார்க்கையில், சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னால் சாயும் கோணம். நேர் ஓட்டத்துக்கு உயிர் இதுதான்: 5 முதல் 7 டிகிரி, இரு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. சக்கரத்தை 20 டிகிரி உள்ளே, 20 டிகிரி வெளியே திருப்பி, இரண்டு நிலையிலும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் தூக்குக்குண்டு நூலிலிருந்து உள்ள தூரத்தை எடுங்கள். விளிம்புகளுக்கு இடையே 380 மி.மீ. என்றால் மேல், கீழ் தூரங்களின் வித்தியாசம் 6.6 மி.மீ. இருந்தால் ஒரு டிகிரி கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாயும் கோணம்). இரு நிலைக்கும் உள்ள கேம்பர் வித்தியாசத்தை 1.5 ஆல் பெருக்கினால் காஸ்டர் வரும். ஏறக்குறைய 22 மி.மீ. மாறினால் 5 டிகிரி. மேல் ஆர்மை (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கை) சிம் என்ற மெல்லிய தகடு வைத்து நகர்த்தும் வண்டிகளில் ஆர்மின் முன் காலை வெளியேயும் பின் காலை உள்ளேயும் நகர்த்தினால் காஸ்டர் கூடும். இரு காலையும் சமமாக உள்ளே தள்ளினால் கேம்பர் நெகட்டிவ் ஆகும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். நேராக நிற்கையில் கேம்பர் பூஜ்யம், மிஞ்சினால் கால் டிகிரி நெகட்டிவ்.

டோ, அதாவது மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்கள் உள்ளே குவிவதோ வெளியே விரிவதோ, எப்போதும் கடைசி, ஏனென்றால் மேலே எதைத் தொட்டாலும் அது மாறும். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் தூக்கிச் சுழற்றி, ஆணியை அசையாமல் பிடித்து டயரில் ஒரு கோடு போடுங்கள். இறக்கியபின் வண்டியை 2 மீட்டர் முன்னால் மட்டும் உருட்டுங்கள். பின்னால் உருட்டினால் அளவு பொய்யாகும். அச்சு உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 1.5 முதல் 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். ஓடும்போது உருளும் எதிர்ப்பு சக்கரங்களைப் பின்னுக்கு இழுத்து, புஷ் நெகிழும் அளவுக்கு விரியச் செய்யும்; அதற்கு ஈடுதான் இந்த டோ-இன்.

இப்போது ஸ்டியரிங்கைக் கட்டிவிட்டு, முன்பக்கக் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) அடியில் ஜாக்கி வைத்து 25, 50, 75 மி.மீ. என்று தூக்கி ஒவ்வொன்றிலும் டோவை அளங்கள். டயர் தரையை விட்டு எழக்கூடாது. மொத்த மாற்றம் 1.5 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. விரிகிறதென்றால் டை ராடின் சாய்வு கீழ் ஆர்மின் சாய்வோடு ஒத்துப்போகவில்லை. டை ராடு முனையின் உயரத்தை 2 மி.மீ. வாஷர் ஒவ்வொன்றாக வைத்து மாற்றி மீண்டும் அளங்கள். மோசமானால் எதிர்த்திசையில் போங்கள். இடம் வலம் இரண்டும் ஒரே அளவு மாறாவிட்டால் ஸ்டியரிங் பெட்டிக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் உயரத்தைப் பாருங்கள். டை ராடின் நீளத்தை மாற்றி இந்தக் கோளாறைச் சரிக்கட்ட முடியாது. நின்ற நிலையின் டோதான் கெடும்.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போனால், இறக்கியதும் லாக் நட்டுகளைத் தொட்டுப் பார்த்து டோவை மட்டும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.