பெடல் ரப்பர் தேய்ந்தால் செய்யக் கூடாதவை

அப்பாவின் மாருதி 800-இல் கிளச் பெடல் ரப்பர் இடது ஓரத்தில் தேய்ந்துபோய், உள்ளே இருந்த இரும்பு பளபளவென்று தெரியும். இரண்டு வருடமாவது அப்படியே ஓட்டியிருப்போம். ஓர் ஐப்பசி மழையில் ஈரச் செருப்போடு ஏறி, சிக்னலில் முதல் கியரைப் போட்டு கிளச்சை மிதித்தபடி காத்திருந்தேன். கால் சறுக்கிவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து, முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கு ஒரு சாண் தள்ளி ஆஃப் ஆகி நின்றது. அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்திருந்தது.

மறுநாளே ரப்பரை மாற்றினேன். அரை மணி நேர வேலை. அதை இரண்டு வருடம் தள்ளிப்போட்டதுதான் முதல் தவறு. பெரும்பாலும் எல்லாரும் செய்கிற தவறும் அதுதான். பிரேக் ஆயில், டிஸ்க், பிரேக் பேடு எல்லாவற்றையும் சர்வீஸில் பார்க்கச் சொல்கிறோம். ஆனால் நம் கால் தொடுகிற ஒரே இடம் இந்த ரப்பர். அங்கே வழுக்கினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் வருடா வருடம் நடக்கும் எம்.ஓ.டி. என்ற வண்டித் தகுதிச் சோதனையில், பிரேக் பெடலின் மேற்பரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் அதற்காகவே வண்டியை ஃபெயில் செய்கிறார்கள்.

ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் தேய்மானம் சரியாகத் தெரியாது. கதவைத் திறந்து, கீழே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் திரும்பி வந்து அழுத்துவதால் பிரேக்கில் வலது பக்கம்தான் முதலில் தேயும். கட்டைவிரல் நகத்தை ரப்பரின் மேல் இழுத்தால் வரிகளில் தட்டித் தட்டிப் போக வேண்டும். தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதிகம் ஓடாத வண்டியாக இருந்தாலும் வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் ரப்பர் இறுகி வெடித்துவிடும். வரி இருந்தாலும் அதில் பிடிப்பு இருக்காது.

வாட்டர் சர்வீஸ் விட்டு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கிற பாலிஷை, அழகாக இருக்கட்டும் என்று சில இடங்களில் பெடலுக்கும் காலடியில் விரிக்கிற மேட்டுக்கும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். புது ரப்பர்கூட அப்புறம் எண்ணெய்ச் சட்டி மாதிரி வழுக்கும். பெடலில் எதுவும் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடித்திருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

தேய்ந்த ரப்பரின் மேல் அலுமினியக் கவர் மாட்டுவதும், துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குவதும் கூடவே கூடாது. கிளிப் தளர்ந்தால் கவர் பாதி கழன்று ஷூவில் மாட்டும், இல்லையென்றால் பக்கத்துப் பெடலில் இடிக்கும். பசை போட்டு ஒட்டுவதும் அப்படித்தான். இந்த ரப்பரின் பின்புறம் நாலு பக்கமும் ஒரு மடிப்பு இருக்கும். அது இரும்புத் தகட்டின் விளிம்பைக் கவ்விப் பிடிப்பதால்தான் ரப்பர் நிற்கிறது. பசை இல்லாமல் நிற்கவில்லை என்றால் அளவு தவறு, அல்லது மடிப்பு கிழிந்திருக்கிறது.

அதனால் வாங்கும்போது பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் போனால் பழைய மாடல்களுக்கும் தேடலாம். ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று கொடுப்பதை வாங்காதீர்கள். தடிமன் கூடினால் பிரேக் பெடலின் உயரம் மாறி, காலுக்குப் பழகிய கணக்கு தப்பும். பல சின்னக் கார்களில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ரப்பர்தான். ஆட்டோமேட்டிக் வண்டியின் அகலமான பிரேக் பெடலுக்கு ரப்பர் தனி.

மாட்டுவதில்தான் அவசரப்படுகிறோம். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். பழையதை ஒரு மூலையில் நெம்பினால் வந்துவிடும். உள்ளே துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். புது ரப்பரைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் இளகும். வழுக்கி ஏறட்டும் என்று கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். சோப்புத் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும். மேல் விளிம்பை முதலில் மாட்டி, மற்ற பக்கங்களை ஸ்பூன் காம்பால் தள்ளித் தள்ளி ஏற்றுங்கள். கூர்மையான ஸ்க்ரூடிரைவர் மடிப்பைக் கிழித்துவிடும். முடிந்ததும் பெடலுக்குப் பின்னால் விரலை விட்டு நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். கீழ் மூலை ஏறாமல் நிற்பது விரலுக்குத்தான் அகப்படும்.

ரப்பரைப் பார்க்கிற கையோடு மேட்டையும் பாருங்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் காரில், வேறு மாடலுக்கான மேட் ஆக்சிலரேட்டரைச் சிக்க வைத்ததில் 4 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. ஒரு மேட்டின் மேல் இன்னொன்று போடாதீர்கள், கொக்கி இருந்தால் மாட்டிவிடுங்கள்.

மாற்றிய கொஞ்ச நாளிலேயே கிளச் ரப்பர் மட்டும் மறுபடி தேய்ந்தால், ஓடும்போதும் இடது காலை அதன் மேலேயே வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தப் பழக்கத்தால் கிளச் பிளேட்டும் பேரிங்கும் சேர்ந்து தேயும். அந்தச் செலவு பெரிது.

புது ரப்பர் மாட்டிய அன்று வண்டி நிற்கும்போதே பிரேக்கை இருபது தடவை நன்றாக அழுத்தி, ரப்பரைப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். ஒருநாள் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை இன்னொரு தடவை பின்னால் விரலை விட்டுத் தடவுங்கள். சரியாக ஏறாத மூலை அதற்குள் வெளியே வந்திருக்கும்.