எதிர்ப்பு சக்தி டப்பாவை யாராவது நீட்டினால் என்ன செய்வது

காலையில் விரல் மடங்காமல் பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு முடக்குவாதம், அதாவது ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வீடு தண்டையார்பேட்டை. இத்தனை வருஷத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்ததைவிட அக்கம்பக்கம் சொன்ன மருந்துதான் அதிகம். “இன்னாக்கா, கை இப்டி வீங்கிக்கினு கீது, உனக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல, இத்த சாப்டு” என்று ஒரு டப்பாவை நீட்டுவார்கள். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

டப்பா மேல் “எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்” என்று இருந்தால் ஓரமாக வையுங்கள். முடக்குவாதம், லூபஸ், ஹாஷிமோட்டோ தைராய்டு எல்லாம் தன்னெதிர்ப்பு நோய்கள், எதிலும் எதிர்ப்பு சக்தி தூங்கிக்கொண்டு இல்லை, ஆள் தெரியாமல் நம் மூட்டையும் தைராய்டையும் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறது. அதை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் விழுங்கிவிட்டு, மற்ற ஆறு நாளும் அதையே உசுப்பிவிடப் பார்க்கும் பவுடரைப் பாலில் கலக்கிக் குடிப்பதில் என்ன நியாயம்? சீந்தில், அமுக்கரா என்கிற அஸ்வகந்தா, ஸ்பைருலினா என்கிற பாசி எல்லாம் இந்த வகையில் விற்கப்படுபவைதான். கொரோனா சமயத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததையும், அது தன்னெதிர்ப்பு நோயின் சாயலில் இருந்ததையும் மும்பை டாக்டர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அப்போது தெருத்தெருவாக ஊற்றினார்களே கபசுரக் குடிநீர், அதிலும் சீந்தில் உண்டு. அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடக்கூடும் என்பதால், தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் சாப்பிடுகிறவர்கள் படபடப்பு வந்தால் முதலில் அமுக்கராவைச் சந்தேகப்படுங்கள். லூபஸ் இருப்பவர்கள் குதிரைமசால் மாத்திரை, அதாவது ஆல்ஃபால்ஃபா பக்கமே போக வேண்டாம், அது நோயைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

அடுத்தது, பேரில்லாத பொட்டலம். நான் ஏமாந்தது இதில்தான். ஒரு கடையில் மூட்டுவலிச் சூரணம் என்று கொடுத்தார்கள், லேபிள் கிடையாது, மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினேன், ஒரு மாதத்தில் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது, பசியோ அடங்கவில்லை, சர்க்கரையும் ஏறியது. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். மூலிகை இரண்டு மூன்று நாளில் அப்படி வேலை செய்யாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்படி ஒன்றை வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பயந்துபோய் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதைக் குறைத்துவிடும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து என்று போகலாம். மிச்சப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

சரி, உருப்படியாக எதுவுமே இல்லையா? இருக்கிறது, மீன் எண்ணெய். முடக்குவாதத்தில் வலியையும் காலை இறுக்கத்தையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் உண்டு, ஆனால் அவற்றில் கொடுத்த அளவு நாளுக்கு ஏறக்குறைய 3 கிராம் ஒமேகா-3. சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையின் பின்பக்கம் பாருங்கள், ஒமேகா-3 வகைகளான ஈபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம்தான் இருக்கும். ஒன்று போட்டுக்கொண்டு “எனக்குக் கேக்கலை” என்றால் எப்படிக் கேட்கும்? பத்து போட வேண்டியிருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைக் கேட்காமல் செய்யவும் கூடாது. காசிமேட்டில் கவலை மீனும் கானாங்கத்தையும் வாங்கிக் குழம்பு வையுங்கள், அந்த அளவு வராது, ஆனால் கெடுதலும் இல்லை.

மஞ்சளும் இப்படித்தான். குழம்பில் போடுவது வேறு, மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்ச வைக்கிற குர்குமின் மாத்திரை வேறு. இரண்டாவதில் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு, மெத்தோட்ரெக்சேட்டின் சுமையும் அதே கல்லீரல் மேல்தான். வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான், தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் கை வைக்கும். மெத்தோட்ரெக்சேட்டைத் தப்பித் தவறித் தினமும் போடுவது இன்னும் மோசம், ரத்த அணுக்கள் உற்பத்தியே படுத்துவிடும். நான் தினசரி காலண்டரில் அந்தக் கிழமைத் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கிறேன். தைராக்சினுக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நடுவே நாலு மணி நேரம் விடுங்கள். முடிக்காகப் பயோட்டின் போடுகிறவர்கள் தைராய்டு டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரும்.

புதிதாக ஏதாவது சாப்பிட்டே தீருவது என்றால், முதலில் எல்லா டப்பாவையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோ தனியார் கிளினிக்கோ, உங்களைப் பார்க்கிற டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். திட்டுவார், பரவாயில்லை. அவர் சரி என்றால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, தொடங்கும் முன் கல்லீரல் டெஸ்ட், நாலைந்து வாரம் கழித்து மறுபடியும். மூன்று மாதம் காலையில் கை எத்தனை நிமிஷத்தில் மடங்கியது என்று குறித்து வாருங்கள். குறிப்பில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், காசாவது மிஞ்சும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் இதற்காகக் குறைக்காதீர்கள்.

நடுவில் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினாலோ, சப்ளிமெண்ட்டை நிறுத்திவிட்டு டப்பாவோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.