மேல் பாதி காலியாக இருக்கும் மேப்: வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பக்கம் பம்ப், மோட்டார், வால்வு செய்யும் யூனிட்களில் புதிதாக வேல்யூ ஸ்ட்ரீம் மேப் (ஒரு பொருள் சப்ளையரிடமிருந்து கஸ்டமர் வரை போகும் வழியில் நடக்கும் வேலை, காத்திருப்பு, தகவல் எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் படம்) போடும் இளம் இன்ஜினியர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் தாள்களில் பாதிக்கு மேல் என்னுடைய பழைய கோளாறுகள்தான், கையெழுத்து மட்டும் வேறு. ஆபீஸில் உட்கார்ந்து வரையாதே, டிஸ்பாட்சில் தொடங்கிப் பின்னோக்கி நட, ஸ்டாப்வாட்சோடு நீயே போய் நில் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதை விட்டுவிடுவோம்.

எல்லாப் பொருளையும் ஒரே தாளில் அடைப்பது

ஏறக்குறைய ஒரே மெஷின்கள் வழியாகப் போகிற சைஸ்கள் எல்லாம் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மேப். ஷாஃப்டும் இம்பெல்லரும் ஒரே தாளில் வந்துவிட்டால் இருப்பைக் கூட்டவும் முடியாது, பிரிக்கவும் முடியாது.

லேப்டாப்பில் வரைவது

பென்சில், ஏ3 தாள், ரப்பர். போதும்.

மேல் பாதியைக் காலியாக விடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். தாளின் கீழ்ப் பாதியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: பெட்டி பெட்டியாக மெஷின்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சைக்கிள் டைம் (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்), செட்டிங் டைம் (சைஸ் மாற்ற ஆகும் நேரம்), ஆள் கணக்கு, நடுநடுவே இருப்பு முக்கோணங்கள், எல்லாவற்றுக்கும் கீழே காத்திருப்பையும் வேலை நேரத்தையும் காட்டும் படிக்கட்டுக் கோடு. மேலே பார்த்தால் ஒரு மூலையில் சப்ளையர், மறு மூலையில் கஸ்டமர், நடுவில் ‘பிளானிங்’ என்று ஒரு பெட்டி, அதிலிருந்து எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி அம்புக்குறி. அவ்வளவுதான். ஆர்டர் எப்படி வருகிறது, யார் கையில் சேர்கிறது, எந்த ஆளுக்கு என்னவாக மாறிப் போகிறது என்பதே கிடையாது. டொயோட்டாக்காரர்கள் இந்தப் படத்தில் பொருள் போகும் பாதையையும் தகவல் போகும் பாதையையும் சேர்த்தே வரைந்தார்கள். கீழே குவிகிற இருப்பை உண்டாக்குவது பெரும்பாலும் மேலேயிருந்து வருகிற சீட்டுதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பம்ப் ஷாஃப்ட் செய்யும் ஒரு யூனிட்டைச் சொல்கிறேன். கணக்குக்கு வசதியாக எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன். கஸ்டமருக்கு நாளொன்றுக்கு 450 ஷாஃப்ட் வேண்டும். இரண்டு ஷிஃப்ட், இடைவேளை போக 15 மணி நேரம், அதாவது 54,000 விநாடி. வகுத்தால் டாக்ட் டைம், அதாவது கஸ்டமர் தேவைக்கு ஒரு ஷாஃப்ட் வெளியே வர வேண்டிய இடைவெளி, 120 விநாடி. பார் கட்டிங் 30 விநாடி, சி.என்.சி. டர்னிங் (கடைசல்) 100, கீவே (ஷாஃப்டில் சாவிப் பள்ளம் வெட்டுவது) 80, கிரைண்டிங் 90. ஆக ஒரு ஷாஃப்டின் மேல் நடக்கும் மொத்த வேலை 5 நிமிடம். இருப்போ டர்னிங்குக்கு முன்னால் 1,800, கீவேக்கு முன்னால் 2,700, கிரைண்டிங்குக்கு முன்னால் 1,350, முடிந்து கிடப்பது 900. நாளில் சொன்னால் 4, 6, 3, 2. பதினைந்து நாள்.

மேப் போட்ட பையன் நல்ல கெட்டிக்காரன். நாலு மெஷினில் டர்னிங்தான் அதிக நேரம் எடுக்கிறது என்று கண்டுபிடித்தான், அதில் தப்பில்லை. புது சி.என்.சி. வாங்கினால் 100 விநாடி 75 ஆகும் என்று ரிப்போர்ட் எழுதினான். முதலாளி பல லட்ச ரூபாய் கடன் போட்டு வாங்கியும் விட்டார். டர்னிங் ஏற்கெனவே 120-க்குள்தான் இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. மொத்தப் பதினைந்து நாள் காத்திருப்பிலிருந்து வெறும் 25 விநாடியைக் குறைத்தார்கள். மெஷின் வேகமாக ஓடியதில் கீவேக்கு முன்னால் இருந்த ட்ரேக்கள் இன்னும் பெருகி, டிராலி போகும் வழியையும் அடைத்துக்கொண்டன. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கீவே மெஷினில் நின்றவரிடம், “அடுத்து எந்த சைஸ் ஓட்டறதுன்னு எப்படிண்ணா தெரியும்?” என்று கேட்டேன்.

“சீட்டு இருக்குதுங்க. ஆனா டிஸ்பாட்ச்ல இருந்து போன் வந்துட்டா போன்தானுங்க.”

கிளிப்பில் மாட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். கூலன்ட் பட்டுப் பழுப்பேறியிருந்தது. தேதி திங்கட்கிழமை, நாங்கள் பேசிக்கொண்டிருந்தது வியாழக்கிழமை. சீட்டில் 25 மி.மீ., மெஷினில் ஓடியது 20 மி.மீ. பக்கத்தில் ட்ரேக்கள் தோளுயரம் அடுக்கியிருந்தும் 20 மி.மீ. அடியில் மாட்டிக்கொண்டதால், ஹெல்ப்பர் ஒவ்வொன்றாக இறக்கித் தேடிக்கொண்டிருந்தார்.

டர்னிங்குக்கு பிளானிங் திங்கட்கிழமை கொடுக்கும் வாரத்திட்டம். கீவேக்கு டிஸ்பாட்ச் மேனேஜரின் போன். கிரைண்டிங்குக்கு சூப்பர்வைசரின் வாட்ஸ்அப். ஒரே ஷாஃப்டுக்கு மூன்று எஜமானர்கள். போதாததற்கு டர்னிங் ஆபரேட்டருக்குப் பீஸ் கணக்கில் இன்சென்டிவ். சைஸ் மாற்ற 50 நிமிடம் போகும் என்பதால் அவர் ஒரே சைஸை வாரம் முழுக்க ஓட்டுவார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன். பழைய மெஷினிலேயே 450 பீஸுக்கு 45,000 விநாடி போக நாளுக்கு 150 நிமிடம் மிஞ்சுகிறது. ஒரு நாளில் இரண்டு முறை சைஸ் மாற்றலாம், அதன் பிறகும் சின்னச் சின்னப் பழுதுக்கு 50 நிமிடம் இருக்கும். கையில் இருந்த நேரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தது வாரத்திட்டமும் இன்சென்டிவும்.

நாங்கள் மேல் பாதியை மறுபடி வரைந்தோம். தாளில் போகும் தகவலுக்கு நேர்க்கோடு, கணினியிலோ போனிலோ போவதற்கு மின்னல் கோடு. யாராவது கண்ணால் பார்த்துத் திட்டத்தை மாற்றுகிற இடத்துக்கு மூக்குக்கண்ணாடிச் சின்னம். இந்த யூனிட்டில் அது நிறைய தேவைப்பட்டது. பிறகு திட்டம் போகிற இடத்தை ஒன்றாகக் குறைத்தோம்: கீவே மட்டும். அங்கிருந்து கிரைண்டிங்குக்கு முதலில் வந்தது முதலில் போகும் பாதை, இத்தனை ட்ரேக்கு மேல் நிற்கக் கூடாது என்று தரையில் கோடு. டர்னிங்குக்கு வாரத்திட்டமே கிடையாது. நடுவில் சைஸ் வாரியாக ஒரு ரேக், கீவே எடுத்த ட்ரேயின் கான்பன் அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்தது ஓடும். ஆறு நாள் இருப்பு இரண்டு நாளுக்கு வந்தது. புது மெஷினுக்குத் தவணை மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

மேல் பாதியை வரையும்போது பிளானிங் ஆளைக் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் வரைந்தால், கம்ப்யூட்டரில் இருப்பது வேறு, நீங்கள் வரைந்தது பொய் என்று பிறகு சண்டைக்கு வருவார். போன் எத்தனை வருகிறது என்பதை டிஸ்பாட்சில் அரை ஷிஃப்ட் உட்கார்ந்து எண்ணுங்கள். கேட்டால் யாரும் உண்மையான எண்ணைச் சொல்ல மாட்டார்கள்.

இருப்பைத் தப்பான எண்ணால் வகுப்பது

2,700 ஷாஃப்டை நாளாக மாற்ற எதால் வகுக்க வேண்டும்? கீவே மெஷின் ஒரு நாளில் 675 போடும். அதால் வகுத்தால் 4 நாள் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கஸ்டமர் எடுப்பது 450 தானே? ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசைக் கணக்கு இதுதான்: உள்ளே கிடப்பதை வெளியே போகும் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் காலம். மெஷினின் திறனுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ரிஜெக்ஷன் இருந்தால் அதையும் தனியாகக் குறியுங்கள்.

ஜாப் ஒர்க்கை கேட்டோடு நிறுத்துவது

ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், பெயின்டிங் எல்லாம் நம் ஊரில் வெளியேதான் நடக்கிறது. மேப்பில் அதற்கு ஒரு பெட்டி, ‘2 நாள்’ என்று ஒரு எண். அது பிளேட்டிங்காரர் போனில் சொன்ன எண். டி.சி. (டெலிவரி சலான்) புத்தகத்தைப் புரட்டிப் போன தேதி, வந்த தேதி இரண்டையும் எடுத்தால் வேறு கதை தெரியும். இன்னொன்றும் பாருங்கள்: சரக்கு முடிந்து அவரிடம் கிடக்கும், நம் வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் போகும். அந்தக் காத்திருப்பு நம்முடையது, பிளேட்டிங்காரர் தலையில் போடக் கூடாது.

ஆடிட்டுக்காக வரைவது

அதற்கு மேப் எதற்கு, பழைய தாளின் தேதியை மாற்றினால் போயிற்று.

ஃபியூச்சர் மேப்பை வெடிக் குறிகளால் நிரப்புவது

இனி எப்படி ஓட வேண்டும் என்று வரைவது ஃபியூச்சர் மேப். முன்னேற்ற வேலை நடக்க வேண்டிய இடத்தில் வெடி மாதிரி ஒரு குறி போடுவோம். புதிதாக வருபவர்கள் தாள் முழுக்க இருபது, முப்பது என்று போட்டுவிடுகிறார்கள். மூன்று போடுங்கள், அதில் ஒன்றாவது மேல் பாதியில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொறுப்பானவர் பெயரும் தேதியும் வேண்டும். ‘புரொடக்ஷன் டிபார்ட்மென்ட்’ என்பது ஆள் பெயர் அல்ல.