மகளிர் தின வாழ்த்துப் பதிவை ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

மார்ச் 8 வந்தால் லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் முழுக்க ஊதா நிறம்தான். பூங்கொத்து, கேக், பெண் ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு படம், கீழே 'பெண் சக்தியைக் கொண்டாடுகிறோம்'. இதற்கு ஆகும் செலவு சொற்பம். சம்பளத்தைச் சரிசெய்வதற்குத்தான் காசு வேண்டும். அதனால் படத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள்.

பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2017 முதல் விதி இருக்கிறது. 2022 மகளிர் தினத்தன்று ட்விட்டரில் ஒரு தானியங்கிக் கணக்கு, வாழ்த்துப் போட்ட நிறுவனங்களின் பதிவுகளை எடுத்து, அவற்றின் இடைவெளி எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துப் பகிர்ந்தது. சில நிறுவனங்கள் வாழ்த்தையே நீக்கிவிட்டன.

இந்தியாவில் நாமே தேடி எடுக்க வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு, 2022-23 நிதியாண்டு முதல் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புகளைப் பற்றிய 'பிஆர்எஸ்ஆர்' (BRSR) அறிக்கையை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. நிறுவனத் தளத்தின் முதலீட்டாளர் பகுதியில் ஆண்டறிக்கையோடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும்.

அதில் 'மீடியன்' (median) என்று ஆங்கிலத்தில் தேடினால் ஐந்தாம் கோட்பாடு (Principle 5) என்ற பகுதியின் கீழ் ஓர் அட்டவணை வரும். இயக்குநர்கள், முக்கிய நிர்வாகிகள், மற்ற ஊழியர்கள், தொழிலாளர்கள் என நான்கு வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஆண், பெண் எண்ணிக்கையும் இடைநிலை ஊதியமும் (எல்லோர் ஊதியத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, அதுதான் மீடியன்) இருக்கும். 'மற்ற ஊழியர்கள்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் ஊதியத்தில் பெண் ஊதியத்தைக் கழித்து, ஆண் ஊதியத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 9 லட்சம், 7.2 லட்சம் என்றால் இடைவெளி 20 சதவீதம்.

இங்கே பலர் சறுக்குவார்கள். இந்த 20 சதவீதம், ஒரே வேலைக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரமாகாது. பெண்கள் கீழ்நிலைப் பதவிகளிலேயே தங்கிவிட்டாலும் இதே எண்தான் வரும். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் வேறு கேள்வி. முக்கிய நிர்வாகிகள் வரிசையில் ஒரே ஒரு பெண் இருந்தால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். நிரந்தரமல்லாதோர் எண்ணிக்கை 'ஏ' பிரிவில் தனியாக இருக்கும். ஆலைகளில் பெண்கள் ஒப்பந்தத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

மூன்றாம் கோட்பாட்டில், குழந்தை பிறப்புக்காக ஆண்களும் பெண்களும் எடுக்கும் பெற்றோர் விடுப்பு விவரம். வேலைக்குத் திரும்பியவர்கள் விகிதம் 100 என்று இருந்தாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பக்கத்துப் பத்தி, திரும்பிய பிறகு 12 மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர்களைச் சொல்கிறது. குழந்தைகள் காப்பகம் இல்லாமலோ, நேரம் ஒத்துவராமலோ பெண்கள் வெளியேறியிருந்தால் அது இந்த எண்ணில்தான் தெரியும். ஆண்கள் வரிசையையும் கூடவே வைத்துப் பாருங்கள்.

பாலியல் துன்புறுத்தல் புகார் 'பூஜ்ஜியம்' என்றால் பாராட்டிவிட வேண்டாம். ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மூன்று நான்கு ஆண்டுகளாகப் பூஜ்ஜியமே வந்தால், புகார் கொடுக்கவே பயப்படுகிறார்களா என்று கேட்க வேண்டும். இயக்குநர் குழுவில் ஒரு பெண் இருப்பதையும் சாதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சட்டமே அதைக் கேட்கிறது.

கணக்கு கையில் வந்ததும் பதிவின் கீழ் ஒரே ஒரு எண்ணை, நிதியாண்டு, பக்க எண்ணோடு போட்டு, 'இதைக் குறைக்க இந்த ஆண்டு என்ன செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். படத்தில் இருக்கும் பெண்களை டேக் செய்யாதீர்கள். பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். மேலாளரிடம் பேச்சு வாங்குவது அவர்களாகிவிடக் கூடாது.