சிகரெட்டை விடும் முன் தூக்கத்தைப் பாருங்கள்: போரிலிருந்து திரும்பியவர்கள் செய்யும் தவறுகள்

இரவு இரண்டு மணி. கெட்ட கனவு எழுப்பிவிட்டது, முதுகெல்லாம் வியர்வை. வாசல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார், பின்கதவையும் பார்க்கிறார். அப்புறம் வராந்தாவில் நின்று, இருட்டில் தெருவை நோட்டமிட்டபடி ஒரு சிகரெட். இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து மன வடுவோடு (பி.டி.எஸ்.டி என்ற மனநலப் பாதிப்பு) திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு இரவு இப்படித்தான் போகிறது. புகையை விட வேண்டும் என்று பகலில் எடுத்த முடிவு இந்த வராந்தாவில் எளிதாக உடைந்துபோகும்.

ஆனாலும் தூக்கத்தை யாரும் முதலில் கவனிப்பதில்லை. “முதலில் சிகரெட்டை விடட்டும், தூக்கம் தானாக வந்துவிடும்” என்கிறார்கள். நிகோடின் விழிப்பைத் தூண்டும் பொருள்தான், நாள்பட அதை விடுவது தூக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் விட்ட முதல் சில வாரங்களில் தூக்கம் இன்னும் கெடும். ஏற்கெனவே மூன்று மணி நேரம் தூங்குகிறவருக்கு அதுவும் போனால், மறுநாள் எரிச்சலையும் ஏக்கத்தையும் எதை வைத்துச் சமாளிப்பார்?

“சிகரெட்தான் என்னை அமைதிப்படுத்துகிறது” என்ற நம்பிக்கை அடுத்த தவறு. இரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். நடு இரவில் எழும்போது உடல் அதற்காகத் தவித்துக்கொண்டிருக்கும். அந்தத் தவிப்பும் போர் விட்டுப்போன பதற்றமும் உள்ளே ஒரே மாதிரி இருக்கும். சிகரெட் முதலாவதை மட்டும் தணிக்கிறது, பெயரை இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது.

“மனநிலை சரியாகட்டும், அப்புறம் புகையை விடலாம்” என்று மருத்துவர்களே தள்ளிப்போட்ட காலம் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் பத்து மருத்துவ மையங்களில் 943 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. மன வடுவுக்குச் சிகிச்சை தருபவரிடமே புகையை விடவும் உதவி பெற்றவர்களில் 8.9 சதவீதம் பேர் ஓராண்டு வரை விலகி இருந்தார்கள். தனி கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் 4.5 சதவீதம்தான். மன வடுவின் அறிகுறிகள் மோசமாகவும் இல்லை. ஆனாலும் நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களால் முடியவில்லை. அவர்களுடைய இரவுகளைத்தான் இனி கவனிக்க வேண்டும் என்பேன்.

தூக்கம் வராதவர்கள் சீக்கிரம் போய்ப் படுப்பார்கள். இது நேர்மாறான வேலை. 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைத்தது சி.பி.டி-ஐ என்ற பேச்சு, பழக்கவழக்கச் சிகிச்சையை. அதன்படி, ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறவர், படுக்கையில் இருப்பதையே ஐந்தரை மணி நேரமாகக் குறைக்க வேண்டும். காலை 6 மணிக்கு எழுவதென்றால் படுப்பது 12.30-க்கு. அந்த நேரம் தூக்கத்தால் நிரம்பியதும் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வலிப்பு நோய், இருமுனைக் கோளாறு உள்ளவர்களும் தொலைதூரம் வண்டி ஓட்டுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

இந்தச் சிகிச்சையில் இன்னொரு விதி: இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். புகைப்பவருக்கு இங்கேதான் பொறி. எழுந்தால் கால் நேராக வராந்தாவுக்குத்தான் போகும். அதனால் எங்கே போய் உட்காருவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள்: கூடத்தில் ஒரு நாற்காலி, மங்கலான விளக்கு, மெதுவாகப் பாடும் ரேடியோ. சிகரெட், லைட்டர், ஆஷ்டிரே எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. காரில் கிடக்கும் பாக்கெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காபியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். அதே நாலு கப், உடலுக்கு ஏறக்குறைய எட்டு கப் போல் ஆகிவிடும். இது நிகோடின் செய்யும் வேலை இல்லை என்பதால் நிகோடின் பேட்ச் (தோலில் ஒட்டும் பட்டை) ஒட்டினாலும் இப்படித்தான். காபியைப் பாதியாகக் குறையுங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம்.

பேட்ச்சோடு தூங்கினால் கனவுகள் கடுமையாகலாம். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லி, படுக்கும் முன் கழற்றிவிடலாம். புகையை விட உதவும் வரெனிக்ளின் மாத்திரையும் கனவுகளைக் கூட்டக்கூடும், ஆனால் பயந்து தானாக நிறுத்திவிடாதீர்கள். மனநிலையைக் கெடுக்கும் என்று 2009-இல் அதன்மேல் போட்ட கடும் எச்சரிக்கையை, எட்டாயிரம் பேரிடம் நடந்த ஆய்வுக்குப் பின் 2016-இல் நீக்கிவிட்டார்கள். இரவு வேளை மாத்திரையைச் சற்று முன்னதாகப் போட முடியுமா என்று கேளுங்கள்.

மதுவை மருந்தாக நினைக்கவே வேண்டாம். சீக்கிரம் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். பென்சோடயஸெபைன் வகைத் தூக்க மாத்திரைகளை மன வடு உள்ளவர்களுக்கு முன்னாள் படைவீரர் நலத் துறையின் வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல் இருந்தால் அது வேறு நோய், தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், புகைத்தீர்களா என்று காலையில் மூன்று வரி போதும். புகைத்திருந்தாலும் மறைக்காமல் எழுதி, அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.