வைப்பர் ஓடவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

போன ஐப்பசியில் திண்டிவனம் தாண்டி வரும்போது நல்ல மழை. என் பழைய காரின் வைப்பர் கண்ணாடி நடுவிலேயே நின்றுவிட்டது. ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் பட்டறையில், "மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். நான் மாற்றவில்லை. வீட்டில் நானே குடைந்து பார்த்ததில் அகப்பட்டது துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட், அதாவது மோட்டாரிலிருந்து மின்சாரம் திரும்பும் வயரைக் காரின் பாடியோடு இணைக்கும் போல்ட். உப்புத்தாள் வாங்கிய காசுதான் மொத்தச் செலவு.

வேண்டியவை: 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் (ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் கூர்முனை உள்ள சின்ன விளக்கு), சாதாரண மல்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள். வைப்பர் லிங்கேஜுக்குள் (மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் கம்பிகள்) கையை விடும்போது சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். மோட்டார் சின்னதுதான், ஆனால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிறது. விரல் மாட்டினால் நசுங்கிவிடும்.

இங்கே சொல்வது ஃபியூஸ், ஸ்டீயரிங் பக்கத்து வைப்பர் லீவர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக மோட்டாருக்கு நேராக வயர் போகும் கார்களுக்கு. மழையைக் கண்டு தானாக ஓடும் வைப்பர் உள்ள புது கார்களில் நடுவில் கணினி இருக்கும். அந்த வயர்களில் டெஸ்ட் லாம்பை வைக்காதீர்கள், அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறையில் விட்டுவிடுங்கள்.

படி 1: காது கொடுத்துக் கேளுங்கள்

சாவியை ஆன் செய்து லீவரைத் தட்டுங்கள். மோட்டார் உறுமுகிறது, வைப்பர் கை மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. கையின் அடியில் உள்ள நட்டு தளர்ந்திருக்கும், அல்லது லிங்கேஜ் கழன்றிருக்கும். சத்தமே இல்லையென்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் வைப்பர் ஃபியூஸ் எது என்று இருக்கும். பிடுங்கிக் கண்ணால் பார்த்தால் சில நேரம் ஏமாந்துபோவோம், மயிரிழை விரிசல் தெரியாது. பிடுங்காமலே பார்க்கலாம்: ஃபியூஸின் தலையில் இரண்டு சின்னப் புள்ளிகளாக உலோகம் தெரியும். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பேட்டரி மைனஸில் மாட்டி, சாவி ஆனில் இருக்க, முனையால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸ் வரைக்கே மின்சாரம் வரவில்லை.

மாற்றும்போது அதே ஆம்பியர்தான் போட வேண்டும். 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. செம்புக் கம்பியைச் சுற்றிப் போடும் 'கெட்டிக்காரர்கள்' இன்னும் இருக்கிறார்கள். ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும், அவ்வளவுதான் வித்தியாசம். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட், அல்லது மோட்டார் இறுகிப்போயிருக்கிறது.

படி 3: மோட்டார் கனெக்டர்

கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் மோட்டார் தெரியும். கனெக்டரைப் பிடுங்கி, சாவியை ஆன் செய்து, ஒவ்வொரு முனையாகத் தொடுங்கள். மெதுவான வேகத்தில் ஒரு வயரிலும், அதிக வேகத்தில் இன்னொன்றிலும் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? கோளாறு சுவிட்சிலோ ரிலேயிலோ. இடைவெளி விட்டு ஓடும் நிலை மட்டும் வேலை செய்யாவிட்டால் முதல் சந்தேகம் ரிலே மேல். ஒரே ஒரு வேகம் மட்டும் இல்லை, ஆனால் அதன் வயரில் மின்சாரம் வருகிறது என்றால் மோட்டாருக்குள் அந்த வேகத்துக்கான கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும்.

படி 4: எர்த்

பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். மோட்டாருக்குள் போன மின்சாரம் திரும்பி வர வழி வேண்டும் அல்லவா? கருப்பு அல்லது பழுப்பு வயர் ஒன்று பாடியில் போல்ட்டால் முறுக்கப்பட்டிருக்கும், சில கார்களில் மோட்டாரின் உடம்பே எர்த். மழைத்தண்ணீரும் சருகும் தேங்கும் மூலை அது. துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

டெஸ்ட் லாம்பை இங்கே நம்பாதீர்கள். அதற்குத் தேவையான மின்சாரம் கொஞ்சம்தான், துருவுக்குள்ளும் நுழைந்து எரிந்துவிடும். கனெக்டரைத் திரும்ப மாட்டி, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை எர்த் வயரிலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் பிடித்துக்கொண்டு வைப்பரை ஆன் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் எர்த் கெட்டது. என் காரில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, மோட்டாருக்கு மிச்சம் எட்டுதான்! வைப்பர் சோம்பலாக ஊர்ந்தாலும் இதையே பாருங்கள்.

போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பாடியையும் உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுங்கள்.

படி 5: நடுவில் நிற்கிறதா?

லீவரை அணைத்ததும் வைப்பர் கீழே போய்ப் படுக்காமல் இருந்த இடத்திலேயே நின்றால், அது வேறு கதை. மோட்டாரின் பல்சக்கரப் பெட்டிக்குள் பார்க் சுவிட்ச் இருக்கிறது. நாம் அணைத்த பிறகும் கை கீழே வரும்வரை மின்சாரம் கொடுப்பது அதுதான். மூடியைத் திறந்தால் செம்புத் தடமும் அதில் உரசும் தகடும் தெரியும். காய்ந்த கிரீஸ் நடுவில் புகுந்திருந்தால் துடைத்தாலே போதும். தகடு தேய்ந்திருந்தால்தான் புது மோட்டார்.

எல்லாம் மாட்டியபின் கண்ணாடியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் கீறல் விழும்.